இழுத்த மூச்சு

என் அம்மா சக்கரம் சுற்றுகிறவள். சித்தப்பா சக்கரம் வரைகிறவர். அப்பா சக்கரத்தின் படத்தைச் சுமந்து போகிறவர். தீபாவளிக்குத் தரையில் வைத்துப் பற்றவைத்தால் சுழலுமே, அந்தச் சக்கரத்தைத்தான் சொல்கிறேன். மருந்து அடைத்த நீளமான காகிதக் குழாயை, ஈரம் காய்வதற்குள் நடுவிலிருந்து வளைத்துச் சுற்றிக்கொண்டே வந்து, நுனியைப் பசை போட்டு ஒட்டுவது அம்மாவின் வேலை. அந்தச் சக்கரம் போகும் பெட்டிக்கு லேபிள் வரைவது அப்பாவின் தம்பியான சித்தப்பாவின் வேலை. அச்சடித்த லேபிள் கட்டுகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனி கம்பெனியாக இறக்குவது அப்பாவின் வேலை. இப்படி மூன்று பேர் இருந்தும் எங்கள் வீட்டில் தீபாவளிக்குச் சக்கரம் விட்டதாக எனக்கு நினைவில்லை. வருஷமெல்லாம் அதன் முகத்தில் விழித்தவர்களுக்கு அன்று ஒருநாளாவது அதைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அம்மா வேலை பார்த்த அறையில் விபத்து நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திருத்தங்கலில் சித்தப்பா வேலை பார்த்த அச்சகம் பள்ளிக்குப் பின்தெருவில்தான் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். அப்பா கடைசி லோடை இறக்கிவிட்டு வந்து கூட்டிப் போவார். அச்சகத்தில் கீழே மிஷின் ஓடும் சத்தம், மேலே கம்ப்யூட்டர் அறை. அறையில் மட்டும் ஏசி உண்டு. அது மனிதர்களுக்காக இல்லை, கம்ப்யூட்டர் சூடாகாமல் இருப்பதற்காக என்று சித்தப்பா சொல்வார். அந்தக் காலத்து மானிட்டர், முதுகு புடைத்துப் பெரிய பானை அளவுக்கு இருக்கும். நான் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் அச்சகத்து முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. பெட்டிக்குள் இருக்கும் சக்கரம் பெட்டியின் மேலேயே சுற்றுவதுபோல் தெரிய வேண்டும் என்றார். அவர் எள் என்றால் சித்தப்பா எண்ணெயாக நிற்கிறவர். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு சுருள் வரைந்து, எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அதைத் திரையில் நிஜமாகவே சுற்ற விட்டார். வெளியிலிருந்து உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே என்று அது போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரொம்ப நன்றாக இருக்கிறது, ஒன்றையும் மாற்றாமல் இதை இப்படியே அச்சடித்துவிடு என்றார். திரையில் சுற்றுவது தாளில் சுற்றாது என்று அவருக்குப் புரியவைக்கச் சித்தப்பா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைசியில் முதலாளி, அப்படியானால் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு செலவழித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சுருள் லேபிளுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. சித்தப்பா அதை வைத்து எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். நடுப்புள்ளியைக் கண் கொட்டாமல் பார்க்கச் சொன்னார். கண்ணில் நீர் கோத்து, இனிமேல் முடியாது என்ற நிலையில் அவர் தம் உள்ளங்கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். கை வீங்கியது. விரல்கள் அகன்றன, ரேகைகள் விரிந்தன, கை என்னை நோக்கிப் பெருகி வந்தது. நான் அலறிவிட்டேன். கையைத் தொட்டுப் பார்த்தால் எப்போதும்போல மெலிந்த கைதான், மசி படிந்த நகம்தான்.

ஒரே பக்கமாக ஓடுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும், ஓட்டம் நின்ற பிறகு நிற்கிற பொருள் எதிர்ப்பக்கமாக ஓடுவதுபோல் தெரியும் என்று விளக்கினார். விருதுநகர்ப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினத்திலிருந்து இறங்கிய பிறகு தரை சுற்றுமே, அந்த மாதிரி என்றார். கண்ணால் காண்பதும் பொய் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தீர விசாரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

எனக்கு நன்றாகப் புரிந்தது. டீ கிளாஸ், காலண்டர், சுவர்ப் பல்லி என்று எல்லாவற்றையும் வீங்க வைத்துப் பார்த்தேன். பல்லி வீங்கியபோது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. எல்லாம் கண் செய்கிற திருட்டு என்று பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்கு விளக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அம்மாவின் தலைத்திவசம் நெருங்கியது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று போஸ்டர் அடித்து ஒட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் அண்ணிக்குப் போஸ்டர் ஒட்டாவிட்டால் ஊர் என்ன பேசும் என்ற கவலை சித்தப்பாவுக்கு. ஆனால் படம் இல்லை. கல்யாண ஆல்பத்தைக் கரையான் அரித்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு படங்களில் இருந்தவள் எனக்குத் தெரியாத ஏதோ ஒல்லிப் பெண். கடைசியில், கம்பெனியில் ஆயுத பூஜையன்று எடுத்த கூட்டப் படம் ஒன்று யாரிடமிருந்தோ கிடைத்தது. நாலைந்து வரிசையாகப் பெண்கள். இரண்டாவது வரிசையில் நீலச் சேலையில் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சித்தப்பா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தார். சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராக அழித்தார். பக்கத்தில் நின்றவளின் கை ஒன்று அம்மாவின் இடது தோளில் கிடந்தது. அதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு. விரல் விரலாக அழித்து, அந்த இடத்தில் சேலையின் நீலத்தை எடுத்து ஒட்டினார். மாலை போடப்போகிற படத்தில் உயிரோடு இருக்கிறவர் கை இருக்கக் கூடாது என்றார். பின்னால் மேகம் வைத்தார். அம்மா இருந்தபோது ஒருநாளும் மேகத்துக்கு முன்னால் நின்றதில்லை.

அவர் இந்த வேலைக்கு நடுவில் போன் பேசப் போனபோது நான் சுருளைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் என்னை ஒதுங்கச் சொல்லாமலேயே மவுஸை எடுத்துச் சுருளை மூடினார். அதற்குப் பின்னால் திறந்திருந்தது அம்மாவின் படம்.

அம்மா மூச்சை இழுத்தாள்.

நெஞ்சு மெல்ல உயர்ந்தது. கன்னம் நிறைந்தது. அடக்கிய சிரிப்பு இதோ வெளியே வந்துவிடும்போல் முகம் என் பக்கமாக விரிந்து வந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் எழுந்து நின்றேன். சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ராட்டினம் என்பார் என்று தெரியும். டீ கிளாஸ் வீங்கியது கண்ணின் திருட்டு. பல்லி வீங்கியதும் அதுவேதான். அம்மா மூச்சு இழுத்தது வேறு. எட்டு வயதில் இந்த இரண்டுக்கும் நடுவே எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. அம்மா இழுத்த மூச்சை விடவில்லை. விடுவதற்குள் படம் பழையபடி படமாகிவிடும். மறுபடி சுருளைப் பார்த்துவிட்டு வருவேன், மறுபடி இழுப்பாள், அத்தோடு நிற்பாள். எவ்வளவு நேரம்தான் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியும்? குளத்தில் முங்கி விளையாடும்போது எனக்கே நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். அம்மாவுக்கு வலிக்குமே என்ற நினைப்பு எனக்குச் சோற்றில் கை வைக்கும்போதும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சுருளைப் பார்த்தால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டுப்பாடம் போயிற்று. கண் சிவந்தது. சாயங்காலமானால் தலையை வலித்தது. சித்தப்பா அதட்டிப் பார்த்தார். ஆனால் நான் மூடிய சுருளுக்குப் பின்னால் என்ன படம் இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவைப் பார்க்காதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

இதற்கிடையில் ஆமத்தூரிலிருந்து அத்தை வரத் தொடங்கினாள். அப்பாவுக்கு அக்கா. வருஷம் முடியும்வரை நல்ல காரியம் எதையும் வாயால் பேசக் கூடாது என்று அவளே சொல்வாள், சொல்லிவிட்டு அதையே பேசுவாள். அச்சங்குளத்தில் ஒரு பெண் இருக்கிறாள், புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை, தாய் வீட்டில் இருக்கிறாள், கைவேலை தெரிந்தவள். பொட்டப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஆம்பளை எத்தனை நாளைக்குச் சோறு பொங்குவான் என்பாள். அப்பா பதில் சொல்லாமல் லோடு கட்டும் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். அவர் மறுத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பேசாமல் இருப்பது சம்மதத்துக்கு அடையாளம் என்று எங்கேயோ கேட்டிருந்தேன்.

அப்பாவுக்கு உண்மை தெரியாது, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அம்மா மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று தெரிந்தால் எந்தப் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வருவான்?

ஒரு சாயங்காலம் அப்பா லேபிள் கட்டு எடுக்க அச்சகத்துக்கு வந்தபோது மேலே இழுத்து வந்தேன். அதுவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. போஸ்டர் பற்றிச் சித்தப்பா கேட்டபோதெல்லாம் நீயே பார்த்துச் செய் என்று முடித்துக்கொள்வார். நாற்காலியில் உட்கார வைத்தேன். சுருளை ஓட விட்டேன். கண் கொட்டக் கூடாது, நடுவிலிருக்கும் சிவப்புப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று கவனிக்க மானிட்டரை ஒட்டி அவருக்கு எதிரே நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீங்கப்பா. புள்ளியப் பாருங்க."

பார்வை புள்ளிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி என் மேல் வந்தது. என் சிவந்த கண்ணையும், பின்னாமல் கிடந்த தலையையும், சட்டைக் காலரில் பொத்தானுக்குப் பதில் மாட்டியிருந்த ஊக்கையும் அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல் இருந்தது. பெரியவர்களுக்குப் பொறுமை கிடையாது என்று எண்ணிக்கொண்டே சித்தப்பாவிடம் ஜாடை காட்டினேன். அவர் சுருளை மூடினார். அம்மா வந்தாள்.

நான் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அதில் திரையின் நீல வெளிச்சம் விழுந்திருந்தது.

"மூச்சு விடுறாளாப்பா?"

"ஆமா தாயி," என்றார். "நல்லா இழுத்து விடுறா."

எழுந்து கீழே போய்விட்டார். எடுக்க வந்த லேபிள் கட்டை எடுக்காமலே ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார். சித்தப்பாதான் பின்னாலேயே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அதோடு கூடவே ஒரு பொறாமையும் வந்தது. எனக்கு இழுப்பது மட்டும்தான் தெரிந்தது. அப்பாவுக்கு விடுவதும் தெரிந்திருக்கிறது. ஒரே முறை பார்த்தவருக்கு அது தெரிகிறதென்றால் குறை என் கண்ணில்தான் இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தேன். பள்ளியில் கரும்பலகை எழுத்தெல்லாம் நெளிந்தது. ஒருநாள் பிரேயரில் நின்றபடியே விழுந்தேன். டீச்சர் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன், அது உண்மைதான்.

திவசம் வந்து போனது. போஸ்டர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருந்தது. வெயிலில் நின்ற அம்மா மூச்சு விடவே இல்லை. தாளில் ஒன்றும் நடக்காது என்பதுதான் முதலாளி விஷயத்திலேயே தெரிந்ததாயிற்றே.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் என்பதால் அச்சகம் திறந்திருந்தது, அத்தை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். அச்சங்குளத்துப் பெண் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். வெளுத்த கத்தரிப்பூ நிறச் சேலை, கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். பொட்டலத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அத்தை என் தொடையில் கிள்ளினாள், அப்போதும் வாங்கவில்லை. அந்தப் பெண் அதை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றாள்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அப்பாவைத் திருத்திய மருந்தே இவளையும் திருத்தும். அம்மா மூச்சு விடுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் இவளே பஸ் ஏறிப் போய்விடுவாள். உட்காரச் சொன்னேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, பிள்ளை ஒட்டிக்கொண்டது என்று நினைத்து முகம் மலர்ந்தாள். சித்தப்பா தடுக்கப் போனார். அந்தப் பெண் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

சுருள் ஓடியது. புள்ளியைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். கண் கொட்டக் கூடாது என்றேன், கொட்டவில்லை. மேஸ்திரி சொன்ன வேலையைச் செய்கிறவள்போல முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, அசையாமல் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை. நானே அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததில்லை. கடைசியில் எனக்கே இரக்கமாகி, போதும் என்று சொல்லிச் சுருளை மூடினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். நாற்காலியில் லேசாகப் பின்வாங்கினாள். பிறகு முன்னால் குனிந்து, கையை நீட்டி, திரையில் அம்மாவின் இடது தோளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கன என் கை இருந்துச்சு," என்றாள்.

கீழே மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா என் பக்கமாக வந்து மவுஸை வாங்கி, பழைய கூட்டப் படத்தைத் திறந்தார். இரண்டாவது வரிசையில் நீலச் சேலையில் அம்மா. அவளுக்கு இடப்பக்கம், சித்தப்பா வேலையின் முதல் நாளே அழித்துவிட்ட ஆட்களில் ஒருத்தியாக, இவள். புருஷன் இறந்து அச்சங்குளத்துக்குப் போகும்வரை அம்மாவோடு ஒரே அறையில், எதிரெதிரே உட்கார்ந்து சக்கரம் சுற்றியவளாம். ஒரே கம்பெனியில் இருந்தவள் என்று அத்தைக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவள் என்று தெரியாது. படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொன்னாராம். இவள் தோளில் கைபோட்டுக் கிச்சுகிச்சு மூட்டினாளாம். அம்மா அடக்கிய சிரிப்பு அதுதான்.

எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

"எங்கம்மா மூச்சு விட்டாளா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கொட்டாமல் இருந்ததில் வந்த நீர் நின்று, வேறு நீர் வந்துகொண்டிருந்தது. அத்தை பின்னாலிருந்து அவள் முதுகை இடிப்பதை நான் பார்த்தேன்.

"இல்ல தாயி," என்றாள். "படம் பெருசாகுற மாதிரி இருந்துச்சு. அக்கா இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. அக்காவுக்கு இப்ப மூச்சு இல்ல, வலியும் இல்ல."

நான் சேவுப் பொட்டலத்தைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன். மாடிப்படியின் கீழே காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று எல்லோரும் அழுததில் என் முறை வரவில்லை.

அவர்கள் படியிறங்கி வரும்போது அத்தை திட்டிக்கொண்டே வந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை மடியில் வந்து விழுந்திருக்குமே, இப்படியா கல்லைத் தூக்கிப் போடுவது என்றாள். அந்தப் பெண்ணின் பதில் எனக்கு மேலே, படியின் மறுபக்கத்திலிருந்து கேட்டது.

"அக்காவ வச்சுப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல மதினி. பிள்ள கண்ணப் பாத்தீகளா?"

கல்நெஞ்சுக்காரி என்று தீர்மானித்துக்கொண்டேன். அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்தது இவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அம்மா இவளுக்குக் காட்டவில்லை என்றுதானே அர்த்தம். அப்பா இதைக் கேட்டதும் இவளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சித்தப்பா நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னார். அப்பா லோடு கட்டும் கயிற்றைச் சுருட்டி ஆட்டோவில் வைத்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் தனக்கும் சம்மதம் என்றார். பெரியவர்களின் புத்தியைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த மரியாதையும் அன்றோடு போயிற்று.

கோயிலில் மாலை மாற்றி எளிமையாகக் கல்யாணம் நடந்தது. சின்னம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. சுவரில் மாட்டப்போகிற அம்மா படத்தில், அழித்த கையைத் திரும்ப வைக்க வேண்டும் என்றாள். உயிரோடு இருக்கிறவள் கை மாலைக்குக் கீழே இருந்தால் ஆயுசுக்கு ஆகாது என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா, வைத்துக் கொடு என்றார். மேகத்துக்கு முன்னால் நிற்கும் அம்மாவின் தோளில், ஆள் இல்லாத ஒரு கை வந்து அமர்ந்தது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அது யாருடைய கை என்று கேட்பார்கள். சின்னம்மா டீ ஆற்றிக்கொண்டே என்னுதுதான் என்பாள்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு ஆயுசு கெட்டி. இப்போதும் ஆமத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் அத்தைக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

அப்பா எதைப் பார்த்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. என் மகள் செல்போனில் அதே மாதிரி ஒரு சுருளைக் காட்டி, அம்மா, புள்ளியைப் பார், பிறகு என் மூஞ்சியைப் பார் என்றாள். பார்த்தேன். அவள் முகம் விரிந்தது, விரிந்துகொண்டே போய் நின்றது. சுருங்கவில்லை. உள்ளே போகும் சுருளைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் விரியத்தான் செய்யும். எத்தனை முறை பார்த்தாலும், யார் பார்த்தாலும், இழுத்த மூச்சை விடுவது மட்டும் தெரியாது. அது தெரிகிறது என்று சொன்னவர் சுருளையே பார்க்காதவர். அப்பா அன்று பார்த்ததெல்லாம் என்னைத்தான். இதற்காக அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த நேரத்தில் அவரால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான், அதைக் கொடுத்துவிட்டு அவர் எவ்வளவு தூரம் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனாரோ தெரியாது.

ஆனால் நான் யோசிப்பது சின்னம்மாவைப் பற்றித்தான். சின்னம்மா இல்லை என்று சொன்ன நாளுக்குப் பிறகு நான் அச்சகத்து மாடிக்குப் போகவில்லை. சித்தப்பா கூப்பிட்டும் போகவில்லை. கீழே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். கண் சிவப்பு போயிற்று. தலைவலி நின்றது. கரும்பலகையில் எழுத்து நெளியாமல் நின்றது. சோற்றில் கை வைக்கும்போது அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குமே என்ற நினைப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்துப் பார்க்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் மேல் கோபமாக இருக்கிறேன், அதனால்தான் மேலே போகாமல் இருக்கிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.